பேக்கேமன் விதிகள்: விழுந்த இரண்டு எண்களையும் கட்டாயம் ஆட வேண்டுமா?

மருதநிழல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பணியின் பொருட்டு இஸ்தான்புல்லில் வசித்து வருகிறேன். இங்குள்ள தேநீர்க் கடைகளில் பேக்கேமன் ஆட்டத்தைத் தவ்லா என்ற பெயரில் ஆடுகிறார்கள். உடன் பணிபுரிவோர் மாலை வேளைகளில் என்னையும் பலகைக்கு முன் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் ஆடும் வேகத்தில் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி விளக்கம் கேட்க முடிவதில்லை. காய்கள் எந்தத் திசையில் போகின்றன, வெட்டுப்பட்டால் என்ன ஆகிறது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்து ஓரளவு பிடிபட்டுவிட்டது. எனினும் அடிப்படையிலேயே சில ஐயங்கள் இருக்கின்றன.

தாயம் ஆடிப் பழகியவன் என்பதால், விழுந்ததைக் கூட்டி ஒரே காயை நகர்த்துவதே எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது. இங்கே இரண்டு பகடைகளையும் அப்படிக் கூட்டிக்கொள்ளலாமா? 6-5 விழும்போது ‘ஷேஷ் பேஷ்’ என்று உரக்கச் சொல்லி, ஒரே காயைப் பலகையின் பாதித் தொலைவுக்கு எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் வேறு சில சமயங்களில், கூட்டுத்தொகைக்குரிய கட்டம் காலியாக இருந்தும் அங்கே போக முடியாது என்கிறார்கள். அதேபோல, எனக்கு 5-2 விழுந்த ஓர் ஆட்டத்தில் 2ஐ மட்டும் ஆடிவிட்டு நிறுத்த விரும்பினேன். கூடாது, 5ஐத்தான் ஆட வேண்டும் என்று எதிரில் இருந்தவர் என் காயைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். இதற்கு உண்மையிலேயே விதி இருக்கிறதா? அலைபேசிச் செயலியில் ஆடும்போது 2 முதல் 64 வரை எண்கள் பொறித்த ஒரு கட்டை தெரிகிறது. கடைப் பலகையில் அப்படி எதுவும் இல்லை. அது எதற்காக என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அகல்வழி எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் முதல் ஐயத்திலேயே ஆட்டத்தின் முதுகெலும்பு இருக்கிறது. ஆகவே பலகையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

பலகையில் 24 முக்கோணக் கட்டங்கள், ஆறு ஆறாக நான்கு பகுதிகளில் இருக்கின்றன. உங்கள் காய்கள் கடைசியாக வந்து சேர வேண்டிய பகுதியை உங்கள் உள்வீடு என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளி ஓரத்தில் தொடங்கி 1 முதல் 6 வரை உள்வீடு, 7 முதல் 12 வரை அதையடுத்த வெளிவீடு, எதிர்ப்புறம் திரும்பி 13 முதல் 18 வரை எதிராளியின் வெளிவீடு, 19 முதல் 24 வரை அவருடைய உள்வீடு என்று மனத்தில் எண்ணிட்டுக்கொள்ளுங்கள். எதிராளிக்கு இந்த எண்கள் தலைகீழாக அமையும். உங்களுடைய 1ஆம் கட்டம் அவருக்கு 24ஆம் கட்டம். ஆளுக்கு 15 காய்கள். தொடக்கத்தில் உங்களுக்கு 24இல் 2, 13இல் 5, 8இல் 3, 6இல் 5 காய்கள் நிற்கும். அவருக்கும் அவருடைய எண்களின்படி அதே அமைப்புத்தான். நீங்கள் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கி நகர்கிறீர்கள், அவர் உங்களுக்கு எதிர்த்திசையில் வருகிறார்.

ஆளுக்கு ஒரு பகடையை உருட்டி, பெரிய எண் பெற்றவர், விழுந்த அந்த இரண்டு எண்களையுமே தம் முதல் ஆட்டமாக ஆடுவது பன்னாட்டு முறை. இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் மீண்டும் உருட்ட வேண்டும் என்பதால், முதல் ஆட்டத்தில் இரட்டை வருவதே இல்லை.

இனி முக்கியமான விதிக்கு வருவோம். ஒரு கட்டத்தில் ஒருவருடைய காய்கள் இரண்டோ அதற்கு மேலோ நின்றால் அந்தக் கட்டம் மற்றவருக்கு அடைபட்டுவிடும். அவர் அதில் இறங்கக் கூடாது, ஆனால் தாண்டிப் போகலாம். ஒரே ஒரு காய் நின்றால் அது தனிக்காய். மற்றவர் அங்கே வந்து இறங்கி அதை வெட்டலாம். பகடையின் இரண்டு எண்களும் இரண்டு தனித்தனி நகர்வுகள் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். ஒரே காயை இரண்டு எண்களுக்கும் நகர்த்தலாம் என்றாலும், அந்தக் காய் நடுவில் ஓரிடத்தில் கால் ஊன்றித்தான் போக வேண்டும். அந்த இடம் அடைபட்டிருக்கக் கூடாது.

நீங்கள் கேட்ட 6-5ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் 24இல் உள்ள காயை 13க்குக் கொண்டுவர வேண்டும். முதலில் 5ஐ ஆடினால் காய் 19இல் இறங்க வேண்டும். அது எதிராளியின் 6ஆம் கட்டம், அங்கே அவருடைய ஐந்து காய்கள் நிற்பதால் வழி இல்லை. முதலில் 6ஐ ஆடினால் 18 காலியாக இருக்கிறது; அங்கே இறங்கி, அடுத்த 5இல் 13க்கு வந்து உங்கள் மற்றக் காய்களோடு சேர்ந்துவிடலாம். 18, 19 இரண்டுமே அடைபட்டிருந்தால், 13 திறந்திருந்தும் அந்தக் காய் அங்கே போக முடியாது. கடையில் உங்களைத் தடுத்தது இந்த நடு இறக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

இரட்டை விழுந்தால் அதே எண்ணை நான்கு முறை ஆட வேண்டும். 3-3 என்றால் நான்கு மூன்றுகள். நான்கு இறக்கங்களும் தனித்தனியே திறந்திருக்க வேண்டும்.

காய்களைச் சேர்த்துக் கட்டம் பிடிப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு 3-1 நல்ல எடுத்துக்காட்டு. 8இலிருந்து ஒன்றை மூன்று எண்ணியும், 6இலிருந்து ஒன்றை ஓரெண்ணியும் நகர்த்தினால் இரண்டும் 5இல் வந்து சேர்கின்றன. ஒரு தனிக்காயும் இல்லாமல் உள்வீட்டில் புதிதாக ஒரு கட்டம் உங்கள் வசமாகிறது. ஓடும் காயை மட்டும் பார்த்து ஆடுபவர்கள் இந்த வாய்ப்பைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

தென்கரை எழுதியது:

5-2 பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் புதிதாகக் கற்பவர்களுக்கு மிகுதியான சச்சரவைத் தருவது இந்த விதிதான்.

உங்கள் எதிராளி சொன்னது சரி. விதி மூன்று படிகளாக இருக்கிறது. இரண்டு எண்களையும் ஆட ஏதேனும் ஒரு வழி இருந்தால், அது உங்களுக்கு எவ்வளவு கேடாக இருந்தாலும், இரண்டையும் ஆடியே தீர வேண்டும். ஏதேனும் ஒன்றை மட்டுமே ஆட முடியும், அது எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்ற நிலை வந்தால் பெரிய எண்ணை ஆட வேண்டும். எதையுமே ஆட முடியாவிட்டால் முறை கைமாறும்.

ஒரு நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் காய் ஒன்று 10இல் நிற்கிறது. மற்றக் காய்களில் எதற்கும் 5ஓ 2ஓ நகர இடமில்லை. எதிராளி உங்கள் 3ஆம் கட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். 5-2 விழுகிறது. 5ஐ முதலில் ஆடினால் 5ஆம் கட்டத்துக்கு வருகிறீர்கள்; அங்கிருந்து 2 போனால் 3, அது அடைபட்டது. 2ஐ முதலில் ஆடினால் 8க்கு வருகிறீர்கள். அங்கிருந்து 5 போனாலும் அதே 3தான். எப்படி ஆடினாலும் ஒன்றுதான் ஆட முடியும், ஆகவே 5. காயை 8இல் நிறுத்துவது உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பது விதிக்குப் பொருட்டல்ல.

இந்தக் கட்டாயத்தைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். எதிராளியின் நல்ல அமைப்பை அவர் கையாலேயே கலைக்க வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய உத்தி. கட்டாயம் இல்லையென்றால் அந்த உத்திக்கே இடமிராது. இது நேற்று வந்த விதியும் அல்ல. நீங்கள் வசிக்கும் அதே நகரத்தில், அது கான்ஸ்டாண்டிநோபிளாக இருந்த 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேரரசர் ஜீனோ இதற்கு மூதாதையான தபுலா என்ற ஆட்டத்தை ஆடினார். அதில் மூன்று பகடைகள் உண்டு. அவருக்கு 2, 5, 6 விழுந்தன. வேறு வழியில்லாமல் சேர்த்து வைத்திருந்த இணைகளைப் பிரித்துக் காய்களைத் தனித்தனியாக நிறுத்த வேண்டிய நிலை வந்தது. அடுத்த நூற்றாண்டின் கவிஞர் அகாதியஸ் அந்த நிலையைத் தம் பாடலில் கட்டம் கட்டமாக எழுதி வைத்ததால் இன்றும் பலகையில் அடுக்கிப் பார்க்க முடிகிறது. பேரரசராக இருந்தும் ஆட மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வெட்டுப்பட்ட காய் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பலகையின் நடுப்பட்டையில் வைக்கப்படும். அங்கே உங்கள் காய் இருக்கும்வரை வேறு எந்தக் காயையும் தொடக் கூடாது. எதிராளியின் உள்வீட்டில்தான் மீண்டும் நுழைய வேண்டும்: 1 விழுந்தால் உங்கள் 24, 3 விழுந்தால் 22, 6 விழுந்தால் 19. ஒரு காய் இருந்து ஒரு பகடையில் நுழைந்துவிட்டால் மற்ற எண்ணை எந்தக் காய்க்கும் ஆடலாம். இரண்டு காய்கள் இருந்து ஒன்று மட்டும் நுழைந்தால் அத்துடன் முறை முடிந்தது. எதிராளி தம் உள்வீட்டில் மூன்று கட்டங்களைப் பிடித்திருந்தால் ஒரு காய் நுழைய முடியாமல் போகும் வாய்ப்பு 36இல் 9, அதாவது கால் பங்குதான். ஐந்து கட்டங்களைப் பிடித்திருந்தால் அதுவே 36இல் 25 ஆகிவிடுகிறது. ஆறையும் பிடித்துவிட்டால் உருட்டுவதில் பயனே இல்லை; அவர் ஒரு கட்டத்தைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முன்னவர் 5ஆம் கட்டத்தைப் பிடிப்பதை அவ்வளவு வலியுறுத்தியதன் காரணம் இப்போது விளங்கும்.

மருதநிழல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நடு இறக்கத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஜீனோவின் ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிப் பார்க்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. காய்களை வெளியே எடுக்கும் கட்டத்தில், விழுந்த எண்ணுக்குரிய இடத்தில் காய் இல்லையென்றால் சில நேரம் எடுக்கிறார்கள், சில நேரம் உள்ளேயே நகர்த்துகிறார்கள்; எப்போது எது என்று பிடிபடவில்லை. மற்றொன்று, என் உள்வீட்டுக்குள் வந்து நின்ற எதிராளியின் தனிக்காயை வெட்டிவிட்டு, வெட்டிய அதே காயை அடுத்த பகடைக்கு நகர்த்தி என் இன்னொரு காயோடு சேர்க்க முயன்றேன். அப்படி வெட்டிவிட்டு ஓடக் கூடாது என்று அனைவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். செயலியிலோ அது அனுமதிக்கப்படுகிறது. எது சரி?

அகல்வழி எழுதியது:

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். பன்னாட்டு விதிகளின்படி நீங்கள் செய்தது முற்றிலும் சரி. உள்வீட்டில் வெட்டிய காய் அதே முறையில் நகரக் கூடாது என்பது துருக்கியில் பல இடங்களில் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். அங்கே ஆடும்போது அவர்களுடைய வழக்கப்படியே ஆடுங்கள். செயலியிலும் போட்டிகளிலும் அந்தத் தடை இல்லை என்பதை நினைவில் வைத்திருந்தால் போதும்.

காய்களை வெளியே எடுப்பதற்கு வருகிறேன். உங்கள் 15 காய்களும் உள்வீட்டுக்குள் வந்த பிறகே எடுக்கத் தொடங்கலாம். விழுந்த எண்ணுக்குரிய கட்டத்தில் காய் இருந்தால் அதை எடுக்கலாம். விரும்பினால் எடுக்காமல் அந்த எண்ணுக்கு உள்ளேயே வேறொரு காயை நகர்த்தவும் உரிமை உண்டு. அந்தக் கட்டத்தில் காய் இல்லையென்றால், அதைவிடப் பெரிய எண்ணுள்ள கட்டத்தில் காய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்க முடியாது, நகர்த்தத்தான் வேண்டும். அங்கேயும் இல்லையென்றால், எஞ்சியவற்றில் மிகப் பெரிய எண்ணுள்ள கட்டத்திலிருந்து ஒரு காயை எடுக்க வேண்டும்.

காய்கள் 6, 4, 2ஆம் கட்டங்களில் இருக்கும்போது 5 விழுந்தால், 5இல் காய் இல்லை, ஆனால் 6இல் இருக்கிறது. ஆகவே 6இல் உள்ளது 1க்கு நகரும். அதே 5, காய்கள் 4இலும் 2இலும் மட்டுமே இருக்கும்போது விழுந்தால் 4இல் உள்ள ஒன்று வெளியே போகும். நீங்கள் கண்ட வேறுபாடு இவ்வளவுதான்.

இந்தக் கட்டத்திலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. எதிராளியின் காய் உங்கள் உள்வீட்டிலோ நடுப்பட்டையிலோ இருக்கும்வரை உங்கள் தனிக்காய் வெட்டுப்படக்கூடும். வெட்டுப்பட்டால், அந்தக் காய் மீண்டும் நுழைந்து, பலகை முழுவதையும் சுற்றி, உள்வீட்டுக்கு வந்து சேரும்வரை வேறு எதையும் எடுக்க முடியாது. முன்பே எடுத்த காய்கள் திரும்பி வர வேண்டியதில்லை.

முதலில் 15 காய்களையும் எடுத்தவர் வெல்கிறார். தோற்றவர் ஒரு காயையும் எடுத்திராவிட்டால் வெற்றி இரு மடங்கு. பன்னாட்டு ஆட்டத்தில் இதற்குக் கேமன் என்றும் உங்கள் ஊரில் மார்ஸ் என்றும் பெயர். ஒரு காயையும் எடுக்காததோடு, அவருடைய காய் ஒன்று நடுப்பட்டையிலோ வென்றவரின் உள்வீட்டிலோ சிக்கியிருந்தால் பன்னாட்டு விதியில் அது மும்மடங்கு. தவ்லாவில் அந்த மும்மடங்கைக் கணக்கில் கொள்வதில்லை.

வெண்பகடை எழுதியது:

அந்தக் கட்டையைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அது பகடை அல்ல, உருட்டுவதற்கு உரியதும் அல்ல. 1920களில் நியூயார்க்கில் ஆட்டத்தில் சேர்ந்த இரட்டிப்புக் கட்டை அது. தவ்லாவுக்கு அது தேவையில்லை என்பதால்தான் கடைப் பலகையில் இல்லை.

ஆட்டம் 1 புள்ளிக்குத் தொடங்குகிறது. தமக்குச் சாதகமான நிலை வந்ததாகக் கருதுபவர், தம் முறை வந்ததும், பகடையை உருட்டுவதற்கு முன்பு, கட்டையை 2 என்ற பக்கத்துக்குத் திருப்பி நீட்டலாம். எதிராளி மறுத்தால் அப்போதே 1 புள்ளியில் தோற்றதாக ஆட்டம் முடியும். ஏற்றுக்கொண்டால் ஆட்டம் 2 புள்ளிக்குத் தொடரும். கட்டை அவர் பக்கம் போய்விடும். அடுத்து 4ஆக்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

எப்போது ஏற்கலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உங்கள் வெற்றி வாய்ப்பு நான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நிலையை நான்கு முறை மறுத்தால் 4 புள்ளிகள் இழப்பு. நான்கு முறை ஏற்றால் மூன்றில் 2 வீதம் 6 இழந்து, ஒன்றில் 2 பெறுகிறீர்கள். இங்கும் 4தான் இழப்பு. அதனால் 25 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருந்தால், பின்தங்கியிருந்தாலும் ஏற்பதே நல்லது. இரு மடங்குத் தோல்விக்கு இடமுள்ள நிலைகளில் இன்னும் கவனம் வேண்டும். மாறாக, கட்டை கைக்கு வருவதால் கிடைக்கும் பலம் ஏற்பவருக்குச் சற்றுச் சாதகம்.

புள்ளிப் போட்டிகளில் ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி குறைவான நிலையை எட்டியதும், அடுத்து வரும் ஓர் ஆட்டத்தில் மட்டும் கட்டையைப் பயன்படுத்தக் கூடாது. ஜான் கிராஃபோர்டின் பெயரால் இதைக் கிராஃபோர்டு விதி என்கிறார்கள். இப்போதைக்கு இந்த அளவு தெரிந்தால் போதும். கட்டையில்லாமல் தவ்லாவை நன்றாக ஆடக் கற்ற பிறகு இதற்கு வாருங்கள் என்பதே என் கருத்து.

தென்கரை எழுதியது:

விதிகள் முழுமையாகிவிட்டன. பழகும்போது ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் தனிக்காய் எதிராளியின் காய்க்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்ற கணக்கு. இடையில் தடை எதுவும் இல்லாதபோது, 6 தொலைவில் நின்றால் 36இல் 17 வீச்சுகள் அதை வெட்டும். 6 வரும் 11 வீச்சுகள், 5-1 இரண்டு, 4-2 இரண்டு, 3-3 ஒன்று, 2-2 ஒன்று. ஓரடி தள்ளி 7 தொலைவில் நிறுத்தினால் 6-1, 5-2, 4-3 ஆகியவை மட்டுமே, மொத்தம் 6 வீச்சுகள். ஒரே அடியில் ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. 6 தொலைவுக்குள் நிறுத்த வேண்டிய கட்டாயம் வந்தால், பொதுவாக எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது; 1 தொலைவில் 11 வீச்சுகள்தான்.

முதல் ஆட்டங்களில் 3-1ஐப் போலவே கட்டம் பிடித்துத் தருபவை இன்னும் மூன்று: 4-2க்கு 8இலிருந்தும் 6இலிருந்தும் வந்து 4, 5-3க்கு அவ்வாறே வந்து 3, 6-1க்கு 13இலிருந்தும் 8இலிருந்தும் வந்து 7. இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2-1, 4-1 போன்றவற்றுக்கு 6இலிருந்து ஒரு காயைத் துணிந்து 5இல் தனியாக நிறுத்துவதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்டு டெசாரோ 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தன்னோடு தானே ஆடிக் கற்று, அந்த 1ஐ 24இலிருந்து 23க்கு ஆடுவதை விரும்பியது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலரும் அதன் பிறகு தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் இரண்டையும் ஆடிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. பகடைகள் பலகைக்குள் இரண்டும் தட்டையாக நிற்க வேண்டும். ஒன்று காயின் மேல் சாய்ந்து நின்றாலோ வெளியே விழுந்தாலோ இரண்டையும் திரும்ப உருட்ட வேண்டும். போட்டிகளில் நீங்கள் பகடையைக் கையில் எடுத்துவிட்டால் உங்கள் முறை முடிந்ததாகக் கொள்வார்கள். ஆகவே காய்களை எத்தனை முறை மாற்றி வைத்துப் பார்த்தாலும், முடிவு செய்யும்வரை பகடையைத் தொடாதீர்கள்.